வெட்டிய ஐந்து எபிசோடுகள்

சுவிட்சர்லாந்துக்குப் போய் வந்தவர்கள் பனிமலையைப் பற்றி எழுதுவார்கள். நான் ஐந்து நாள் இருந்தேன். அதில் மூன்று நாள் வில் என்ற சிறிய ஊரில், ஓர் அடுக்குமாடி வீட்டின் மூன்றாம் தளத்தில், சோபாவில் உட்கார்ந்து சீனத் தொடர் பார்த்தேன். மலை ஜன்னலுக்கு வெளியே எங்கோ இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும்.

முதலில் என் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன். சென்னை சாலிகிராமத்தில் ஒரு டப்பிங் ஸ்டுடியோவில் சீனச் சரித்திரத் தொடர்களுக்குத் தமிழ் வசனம் எழுதுகிறேன். எனக்குச் சீனம் ஒரு எழுத்துகூடத் தெரியாது. ஆங்கிலத்தில் வரும் ஸ்கிரிப்டை மடியில் வைத்துக்கொண்டு, மகாராணி வாயைத் திறந்து மூடும் நேரத்துக்குள் அடங்குகிற மாதிரி தமிழை மடக்கி உள்ளே தள்ளுவேன். எங்கள் தொழிலில் மௌனம் என்றால் யாருக்கும் ஆகாது. பாத்திரம் கேமராவுக்கு முதுகைக் காட்டிவிட்டால் கொண்டாட்டம்தான். உதடு தெரியாது, எதை வேண்டுமானாலும் பேச வைக்கலாம். "பாவி, உன்னைச் சும்மா விடமாட்டேன்" என்று நான் பேச வைத்த முதுகுகள் நூற்றுக்கணக்கில் இருக்கும்.

சூரிக்கில் இருக்கும் என் தங்கை மாலதி வீடு மாறப் போவதாகவும், மாப்பிள்ளை வேலை விஷயமாக வெளிநாடு போயிருப்பதாகவும், "நீ வந்தா பெட்டி கட்ட ஒத்தாசையா இருக்கும்ணா" என்றும் சொன்னாள். வியாழக்கிழமை போய் இறங்கினால் எல்லாப் பெட்டியும் கட்டி, ஒவ்வொன்றின் மேலும் உள்ளே இருப்பது என்ன என்று எழுதி ஒட்டியிருந்தது. எனக்கு மிஞ்சிய வேலை, ஒரு மணிபிளான்ட் தொட்டியைக் காரில் மடியில் வைத்துக்கொள்வது. இந்த ஊர்க்காரர்களோடு சேர்ந்து அவளும் இப்படி ஆகிவிட்டாள் என்று எனக்குக் கொஞ்சம் கோபம்தான்.

என்னோடு ஒரு வேலையும் விமானம் ஏறி வந்திருந்தது. அறுபது எபிசோடு ஓடும் ஒரு தொடரில் முதல் முப்பதைத் தமிழில் போட்டு முடித்திருந்தோம். மீதி முப்பதை இருபதாகச் சுருக்க வேண்டும் என்பது தயாரிப்பாளரின் உத்தரவு. எந்தெந்த இடத்தை வெட்டலாம் என்ற பட்டியல் திங்கள் மாலைக்குள் போய்ச் சேர வேண்டும். "நம்ம ஆளுங்களுக்குப் பொறுமை கிடையாது சார், ஆறப்போட்டா சேனல் மாத்திடுவாங்க" என்றார். நானும் தலையாட்டிவிட்டுத்தான் வந்தேன்.

வெள்ளிக்கிழமை மாலதி என்னைத் துன் ஏரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஏரி நன்றாகத்தான் இருந்தது. அவ்வளவு தண்ணீரைப் பார்த்ததும் எங்கள் தெருவுக்கு வரும் லாரிதான் ஞாபகம் வந்தது. கரையோர உணவகத்தில் உருளைக்கிழங்கைத் துருவி வார்த்த ஓர் அடை வந்தது. உப்பு இருந்தது, காரம் என்ற ஒன்று உலகில் உண்டு என்பதற்கான அறிகுறியே இல்லை. நாங்கள் தமிழில் புலம்புவதைக் கேட்டுப் பரிமாறிக்கொண்டிருந்த இளைஞர் சிரித்துக்கொண்டே மிளகாய்த்தூள் கொண்டுவந்து வைத்தார். இலங்கைத் தமிழர். என் தொழிலைக் கேட்டதும் தட்டை அப்படியே கையில் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"அண்ணை, நீங்கள்தான் அதை எழுதுறதோ? ஒரு விசயம் கேக்கவேணும். உந்தச் சீனக் கதையில ஒருத்தரும் ஒருத்தரிட்டயும் நேர கேக்கமாட்டினமோ? 'நீ ஏன் அண்டைக்கு வரேல்ல' எண்டு ஒரு கேள்வி. அதைக் கேட்டா முடியிற சண்டையைப் பத்து எபிசோட் இழுக்கிறாங்கள்."

"கேட்டுட்டா அப்புறம் கதை ஏதுங்க?"

"எனக்கும் விளங்குது. ஆனா கோவம் வருது" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

சனிக்கிழமை வில். அங்கே தவமணி அக்கா இருக்கிறார். டைட்டிலில் ஓடும் என் பெயரைப் பார்த்து, முகநூலில் தேடிப் பிடித்து, ஒரு வருடமாக ஒவ்வொரு எபிசோடுக்கும் எனக்குக் குரல் செய்தி அனுப்பும் ரசிகை. ரசிகை என்று நான் சொல்லிக்கொள்கிறேன். அவர் அனுப்பியதில் பாதி திட்டு. ஊர் மட்டக்களப்புப் பக்கம். அகதியாக வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை. நான் சூரிக் வருகிறேன் என்றதும் "அப்ப மத்தியானச் சாப்பாட்டுக்கு வாறீங்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

ரயில் சொன்ன நிமிடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கோளாறு என்னிடம்தான். வில் நிலையத்தில் ஏறிய பேருந்தில், இறங்க வேண்டிய நிறுத்தம் வந்ததும் எழுந்து வாசல் பக்கம் போய் நின்றேன். சென்னையில் அப்படி நின்றாலே ஓட்டுநருக்குப் புரியும். இங்கே வண்டி நிற்காமல் போய்விட்டது. அடுத்ததிலும் அப்படியே. கடைசி நிறுத்தத்துக்குப் போய், ஆப்பிள் தோப்பு ஒன்றைப் பார்த்தபடி காத்திருந்து, அதே வண்டியில் திரும்பினேன். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரப் பாட்டி ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார்: "சிவப்புப் பொத்தானை அமுக்க வேண்டும். நீங்கள் இறங்க விரும்புவது மற்றவர்களுக்கு எப்படித் தெரியும்?" கோபமாகச் சொல்லவில்லை, ஆனாலும் சுருக்கென்றது.

தவமணி அக்கா வாசலிலேயே நின்றார். ஐம்பதைத் தாண்டிய வயது, குட்டையான உருவம், என்னை மேலும் கீழும் அளக்கிற கண்.

"வாங்கோ தம்பி. படத்தில இன்னும் முடி இருந்தது" என்றார். அவருடைய பேச்சில் மட்டக்களப்பும், இங்கே பழகிய யாழ்ப்பாணத்தாரின் பேச்சும் கலந்து கிடந்தன.

பிட்டு, மீன் குழம்பு, சொதி, கத்தரிக்காய்ப் பொரியல். துன் ஏரிக் கரையில் நாக்குக்கு நேர்ந்த அவமானம் அங்கேயே தீர்ந்தது. அக்காவின் கணவர் செல்வம் அண்ணை ஒரு தொழிற்சாலையில் முறைவேலை பார்க்கிறவர். சாப்பிடும்போதே தன் கட்சியைச் சொல்லிவிட்டார். அவருக்குச் சண்டைக் காட்சி போதும். குதிரை ஓடினால் விழித்திருப்பார், பெண்கள் பேச ஆரம்பித்தால் தூங்கிவிடுவார்.

சீனப் பெயர்கள் இந்த வீட்டில் எடுபடவில்லை. நான் பாடுபட்டு உச்சரிப்புச் சொல்லிக்கொடுத்து டப்பிங் பேசவைத்த பெயர்கள் எல்லாம் வீண். தளபதியின் மனைவி இங்கே 'நீலச்சட்டை'. சூழ்ச்சிக்கார மந்திரி 'மூக்கன்'. மலையிலிருந்து விழுந்து, ஆற்றில் மூழ்கி, நஞ்சு குடித்து மூன்று தடவையும் பிழைத்து வந்த கதாநாயகனுக்கு 'செத்தெழும்பி' என்று பேர்.

"எல்லாம் நல்லாத்தான் எழுதுறீங்கள் தம்பி" என்றார் அக்கா, இன்னொரு துண்டு மீனை என் தட்டில் வைத்தபடி. "ஆனா ஏன் நீலச்சட்டை முதுகைக் காட்டின உடன கதைக்கத் தொடங்குறா? முகத்தைப் பாத்தா அவ கதைக்கிற பொம்பிளை இல்ல. திரும்பினாப் போதும், புலம்பத் தொடங்கிடுறா."

தொழில் ரகசியத்தை மீன் குழம்போடு சேர்த்து எடுத்து வைத்துவிட்டார்.

நான்கு பேர் சாப்பிட்டோம். நான்காவது ஆள் மகள் அபிரா. இங்கேயே பிறந்தவள், வயது இருபது. என்னிடம் மரியாதையாகப் பேசினாள், அப்பாவிடம் சிரித்தாள். அம்மாவிடம் மட்டும் ஒரு வார்த்தை இல்லை. சொதி வேண்டுமென்றால் அப்பாவிடம் கேட்டாள். அக்கா கையில்தான் சொதிச் சட்டி இருந்தது. அக்கா சட்டியை அண்ணையிடம் கொடுத்தார், அண்ணை மகளிடம் கொடுத்தார். தொடரில் இப்படி ஒரு காட்சி வந்தால் நாடகத்தனம் என்று வெட்டியிருப்பேன்.

அபிரா கைகழுவப் போனதும் அக்கா தாழ்ந்த குரலில் சொன்னார். மகள் அடுத்த சனிக்கிழமை ரெனானுக்குப் போகிறாள். லோசானுக்குப் பக்கத்தில், பிரெஞ்சு பேசும் பகுதி, மேற்படிப்பு, வாடகை அறை. இங்கிருந்து ரயிலில் மூன்று மணி நேரம். சின்ன வயதிலிருந்து இருவருக்கும் சேர்ந்து பேச அதிகம் விஷயம் இருந்ததில்லை. அவள் பள்ளிக்கூடம், பாஷை எல்லாம் வேறு. இந்தத் தொடர் வந்த பிறகுதான் ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார ஆரம்பித்தார்கள். அம்மா டீவியில் தமிழில். மகள் மடிக்கணினியில் காதில் மாட்டிக்கொண்டு சீனத்தில், கீழே ஜெர்மன் எழுத்து. இரண்டையும் ஒரே நேரத்தில் தட்டிவிட்டு, நடுவே நிறுத்தி நிறுத்திச் சண்டை பிடிப்பார்களாம். மகள் போகும் முன் முதல் முப்பதையும் சேர்ந்து பார்த்து முடிப்பதென்று பேச்சு.

"மறுகா ஒரு ஞாயிறு பாத்தா, அவள் என்னை விட்டிட்டு முன்னுக்குப் போயிட்டாள்" என்றார். "எனக்குப் பதினேழில வாற கதை, அவளின்ர கணினியில இருபத்திரண்டிலதான் வருது. அஞ்சு எபிசோட் தனிய இருந்து பாத்திருக்கிறாள். கேட்டா, நான்தான் அரைநித்திரையில பாஞ்சு பாத்திட்டனாம். மூண்டு கிழமையா இந்தக் கதையைத் தொடேல்ல. போற பிள்ளைக்கு அவசரம். எனக்காக நிக்க ஏலாது. அதை எனக்கு வெளியால சொல்லத் தெரியேல்ல."

பதினேழாம் எபிசோடின் தொடக்கத்தில் "ஈராண்டுகள் கழிந்தன" என்று ஒரு குரல் வரும். அந்த இரண்டு வார்த்தையை எழுதியவன் நான். கழிந்தது ஈராண்டு மட்டுமல்ல, மூலத்தின் பதினேழு முதல் இருபத்தொன்று வரை ஐந்து எபிசோடுகளும். ஒன்றுமே நடக்காத எபிசோடுகள் என்று அவற்றை வெட்டச் சொல்லி யோசனை கொடுத்ததும் நான்தான். அதற்காகத் தயாரிப்பாளர் எனக்குக் கைகொடுத்தார்.

அபிரா திரும்பி வந்ததும் மடிக்கணினியைக் கொண்டுவந்து என் முன் வைத்தாள்.

"அங்கிள், நீங்கள் சொல்லுங்கோ. நான் ஒண்டும் பாஞ்சு பாக்கேல்ல, ஓடர்?"

இந்த ஊரில் எல்லோரும் வாக்கியத்தின் வாலில் இந்த 'ஓடர்' ஒன்றை ஒட்டுகிறார்கள், நம் 'இல்லையா' மாதிரி. நான் முதலில் சமாளித்துப் பார்த்தேன். சீனாவிலேயே இரண்டு பிரதிகள் வந்தன, ஒன்று நீளம், ஒன்று குட்டை என்றெல்லாம் சொன்னேன். செல்வம் அண்ணைகூட நம்பவில்லை.

"வெட்டினது நான்தான்" என்றேன். "ரெண்டு பேர் மேலயும் தப்பு இல்ல. அந்த அஞ்சுல ஒண்ணும் நடக்காதுக்கா. நீலச்சட்டையோட புருஷன் ராஜதுரோகின்னு பழி. அவ அந்த ஊர்லயே இருக்கலாமா, எல்லைக்குத் துரத்துவாங்களான்னு அரண்மனையிலேர்ந்து கடிதம் வரணும். அதுக்காகக் காத்திருக்கா. அவ்வளவுதான். பார்க்கிறவங்களுக்குப் பொறுமை இருக்காதுன்னு..."

அக்கா சட்டென்று எழுந்து தட்டுகளை அடுக்கினார். மகளைத் தப்பாக நினைத்துவிட்ட வெட்கம் முகத்தில் தெரிந்தது. அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. என்னைப் பார்த்து மட்டும், "எங்களுக்குப் பொறுமை இல்லையெண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது?" என்றார். சொதி ஊற்றிய கையாலேயே அறைந்திருந்தால் இதைவிடத் தேவலை.

நாளை அந்த ஐந்தையும் பார்ப்பதென்று அபிரா முடிவு செய்தாள். அவள் ஜெர்மன் எழுத்தைப் படித்துத் தமிழில் சொல்வாள், அதை நான் ஒழுங்கான வசனமாக்கி அக்காவுக்குச் சொல்ல வேண்டும். "அதுதான் உங்கட தண்டனை" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பேருந்தில் ஏறியதுமே பொத்தானை அமுக்கிவிட்டேன். ஓட்டுநர் அடுத்த நிறுத்தத்தில் கதவைத் திறந்து என்னையே பார்த்தார். யாரும் இறங்கவில்லை.

பத்து மணிக்குத் தொடங்கினோம். ஞாயிற்றுக்கிழமை இந்த நாட்டில் சத்தம் போடக் கூடாது, கீழ்வீட்டுக்காரர்கள் வந்துவிடுவார்களாம். ஆகையால் சன்னக் குரலில் டப்பிங். அபிரா வரிக்கு வரி சொன்னாள், நான் தளபதி மனைவியாகவும் குமாஸ்தாவாகவும் கிழட்டுக் காவல்காரனாகவும் மாறி மாறிப் பேசினேன். சாலிகிராமத்தில் பன்னிரண்டு பேர் செய்கிற வேலை.

பதினெட்டாவதில் நீலச்சட்டை முள்ளங்கிப் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றாள். திரையில் எழுத்து எதுவும் இல்லை. பழக்கதோஷம், என் வாய் சும்மா இருக்கவில்லை. "ஐயோ, என் தலைவிதி இப்படியா ஆக வேண்டும்" என்று உருக்கமாகச் சொன்னேன்.

"தம்பி, அவ ஒண்டும் சொல்லேல்ல" என்றார் அக்கா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "சும்மா இருங்கோ."

இருந்தேன். அவள் நின்றாள். தெருவில் குதிரைக் குளம்புச் சத்தம் வந்தது. அவள் கழுத்து மட்டும் கொஞ்சம் திரும்பியது. சத்தம் வாசலைத் தாண்டிப் போய்விட்டது. அவள் மறுபடி குனிந்து தண்ணீர் ஊற்றினாள். இந்தக் காட்சியை ஸ்டுடியோவில் நாலு மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்த்து, 'வெட்டு' என்று குறித்தது நினைவுக்கு வந்தது.

இருபதாவதில் அரண்மனைக் குமாஸ்தா நாலாம் தடவையாக வந்தான். முன்பு கேட்ட கேள்விகளையே மறுபடி கேட்கப் போகிறான். அவன் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொன்னார்: "இப்ப பிறந்த ஊரைக் கேப்பான்."

கேட்டான்.

"இனி, முதல் தரம் வேற மாதிரிச் சொன்னனியே, எது பொய் எண்டு கேப்பான்."

அதையும் கேட்டான். அபிரா படத்தை நிறுத்திவிட்டாள்.

"அம்மா, நீங்கள் இதை எங்கயும் பாத்திட்டீங்களோ?"

"இல்ல. என்னைக் கேட்டவங்கள்."

செல்வம் அண்ணை அதுவரை கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தார். இப்போது திறந்தார். அக்கா மகளைப் பார்க்காமல், நின்றுபோன திரையைப் பார்த்தே பேசினார்.

"அகதி விசாரணையில ஒரு மேசை. அந்தப் பக்கம் ரெண்டு பேர், மொழிபெயர்க்க ஒரு ஆள். நான் சொல்லுறது அவையின்ர கடுதாசியில வேற மாதிரி இருக்கும். பிறகு கடிதம் வருமெண்டு இருக்கவேணும். அப்ப நாங்கள் இருந்த வீட்டுக்குப் போஸ்ட் பத்தே முக்காலுக்கு வரும். மஞ்சள் ஸ்கூட்டர். அந்தச் சத்தம் எனக்கு ரெண்டு தெருவுக்கு அங்கால கேக்கும். ஏழு வருசம் கேட்டுக்கொண்டு இருந்தனான். உன்னை வயித்தில வச்சிருந்தும் கேட்டன், பள்ளிக்கூடத்தில விட்டிட்டு வந்தும் கேட்டன்."

"பிறகு வந்ததோ?"

"வந்தது. நெகட்டிவ். நாட்டை விட்டுப் போகச்சொல்லி."

"எப்ப? எனக்குத் தெரியாதே."

"உனக்கு ஆறு வயசு. அண்டைக்குத்தான் உன்னை நீச்சல் குளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனது. ரெண்டு ஐஸ் வாங்கித் தந்தன். திருப்பி அனுப்பினா இதெல்லாம் உனக்கு அங்க கிடைக்காதெண்டு நினைச்சன்."

அபிராவின் முகம் மாறிவிட்டது. அந்த நாள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. சின்ன வயதில் நடந்ததில் மிகச் சந்தோஷமான நாள் எது என்று பள்ளிக்கூடத்தில் எழுதச் சொன்னபோது அதைத்தான் எழுதினாளாம்.

"அண்டைக்கு நான் வேலைக்குப் போகேல்ல" என்றார் அண்ணை மெதுவாக. "வீட்டில இருந்து வக்கீலுக்கு ஃபோன் அடிச்சுக்கொண்டிருந்தனான்."

மேல்முறையீடு, இன்னும் மூன்று வருடம், பிறகு ஒருவழியாக இருக்கலாம் என்று கடிதம். அதை அக்கா இரண்டே வாக்கியத்தில் முடித்துவிட்டார். அந்தப் பகுதியில் அவருக்கு அக்கறை இல்லை. அபிரா நகர்ந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் சிறிது நேரம் பால்கனிக்குப் போய் நின்றேன். அழுகை வந்தது, அதை மறைப்பானேன்.

மிச்சத்தையும் பார்த்து முடித்தோம். இருபத்தொன்றில் அரண்மனைக் கடிதம் வந்தபோது அக்கா, "சரி, இப்ப விளங்குது அவ ஏன் பிறகு மூக்கனை மன்னிக்கேல்ல எண்டு. உங்கட தமிழில பாத்தா அவ பொல்லாதவள் மாதிரி இருந்தது" என்றார். ஒரு வருடமாக அந்தப் பாத்திரத்துக்கு வசனம் எழுதுகிற எனக்கு அது அன்றுதான் புரிந்தது.

அங்கிருந்தே தயாரிப்பாளரைக் கூப்பிட்டேன். சென்னையில் அப்போது சாயங்காலம். மீதியை வெட்ட வேண்டாம், முப்பதையும் போடலாம் என்றேன்.

"சார், ஊர் சுத்திப் பார்க்கப் போன இடத்துல உங்களுக்கு என்ன ஆச்சு?" என்றார். "ஸ்லாட் இருபதுக்குத்தான். நீங்க வெட்டலேன்னா வேற ரைட்டர் வெட்டிக் குடுப்பாரு. அவர் ரெடியா இருக்காரு."

நான் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். அக்கா யோசிக்கவே இல்லை.

"அப்ப நாங்கள் வெட்டுவம். நாளைக்கு எனக்கு வேலையில்ல. வாங்கோ."

திங்கட்கிழமை அவருக்குத் துணி துவைக்கும் முறை. இங்கே கட்டடத்துக்கெல்லாம் சேர்த்துக் கீழ்த்தளத்தில் ஒரே சலவை அறை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நாள், அந்த நாளை விட்டால் அழுக்கோடு அலைய வேண்டியதுதான். கூடையோடு கீழே போவதும் மேலே வந்து என் பட்டியலைச் சரிபார்ப்பதுமாக அக்கா காலை முழுக்க ஓடினார். அபிரா மீதி முப்பது எபிசோடையும் மூலத்தில் முன்கூட்டியே பார்த்து முடித்திருந்த குற்றத்தை இப்போது ஒப்புக்கொண்டாள், கோபத்தில் பார்த்தாளாம். அது உதவியாக இருந்தது. நான் எபிசோடு எண்ணைப் படிப்பேன், அவள் என்ன நடக்கிறது என்று சொல்வாள், அக்கா தீர்ப்புக் கொடுப்பார்.

"பத்து நிமிசத்துக்கு முன்னம் நடந்ததைத் திருப்பி ஞாபகப்படுத்திக் காட்டுறதெல்லாம் வெட்டுங்கோ. என்ர வேலையிடத்தில இருக்கிறவைக்குத்தான் அது வேணும். எங்களுக்கு இன்னும் மறதி வரேல்ல."

எண்ணிப் பார்த்தோம். அதிலேயே மூன்று எபிசோடு போனது. குடையோடு பூவிதழ் உதிர மெதுவாக நடப்பது, ஒரே பாட்டு மூன்றாம் தடவை, பணிப்பெண் திரைக்குப் பின்னால் ஒட்டுக்கேட்பது ஆறாம் தடவை, எல்லாம் போயின. செத்தெழும்பியின் நாலாவது மரணத்தை அப்படியே எடுத்துவிட்டோம்; அவன் சாகாமலே உயிரோடு இருந்துவிட்டுப் போகட்டும் என்று தீர்மானமாயிற்று. எல்லைப் போர் இரண்டரை எபிசோடு ஓடியது.

"சண்டையில கை வைக்காதேங்கோ" என்றார் செல்வம் அண்ணை. "அது ஒண்டுதான் எனக்கு."

"ஊரில சண்டை பாத்தது காணும், இனிப் போதும்" என்றார் அக்கா. அரை எபிசோடை மட்டும் அண்ணைக்காக விட்டுவைத்தோம்.

காத்திருக்கிற இடம், கஞ்சி காய்ச்சுகிற இடம், இருவர் பேசாமல் தேநீர் குடிக்கிற இடம் எதிலும் அக்கா கத்தி வைக்கவில்லை. அப்படியும் மதியத்துக்குள் முப்பது இருபதானது. இருபத்தைந்து வருட அனுபவம் என்று நான் மார்தட்டிக்கொள்ளும் வேலையை, துவைக்கப் போட்ட துணி காய்வதற்குள் செய்து முடித்துவிட்டார்கள்.

மிஞ்சியது கடைசி எபிசோடின் கடைசிக் காட்சி. அபிரா அதைச் சொல்லத் தயங்கினாள். நான்தான் என் குறிப்பிலிருந்து படித்தேன். வளர்ந்துவிட்ட மகள் தென்னாட்டுக்குப் போகிறாள், அங்கே ஒரு பள்ளியில் ஆசிரியை வேலை. நீலச்சட்டை வாசலில் நிற்கிறாள். வண்டி தெருவைக் கடந்து, பாலம் ஏறி, மறுகரையில் சிறிதாகி மறைகிறது. கேமரா நகரவே இல்லை. ஏழு நிமிடம், ஒரு வசனம் இல்லை.

இதை அக்கா கட்டாயம் வைத்துக்கொள்ளச் சொல்வார் என்று நினைத்து, 'இருக்கட்டும்' என்று எழுதவே தொடங்கிவிட்டேன்.

"அது வேண்டாம் தம்பி" என்றார் அக்கா. "வெட்டுங்கோ. பிள்ளை போனது விளங்கினாக் காணும். ஏழு நிமிசம் ஆருக்குப் பாக்க ஏலும்?"

"உடுப்புக் காய்ஞ்சிருக்கும்" என்று கூடையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கதவைச் சாத்தவில்லை. செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது, படி இறங்கும் சத்தம் கேட்கவில்லை.

நான் பேனாவோடு அபிராவைப் பார்த்தேன். அவள் திறந்திருந்த கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெட்டாதேங்கோ அங்கிள்" என்றாள், வெளியே கேட்கும்படி. "நான் ரெனான்ல இருந்து தமிழில பாப்பன். அம்மா இங்க இருந்து பாக்கட்டும். ஞாயிற்றுக்கிழமையில ஒரே நேரம் தட்டுவம். அந்த ஏழு நிமிசமும் ஃபோனை வைக்கத் தேவையில்ல."

படிக்கட்டுப் பக்கம் கூடையைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அக்காவின் குரல் வந்தது.

"எத்தினை மணிக்கு?"